சுண்டைக்காய் கால் பணம், பேட்டரி முக்கால் பணம்

சிங்கப்பூரில் எங்கள் பராமரிப்புக் குழுவில் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன் இருந்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கைப்பேசியை என் தட்டுக்கு அருகில் வைத்து, "அண்ணே, இதுல எந்த விலை தப்பு?" என்று கேட்டான். ஒரே கடை, இரண்டு பொருள்கள். முதலாவது கார்ட்லெஸ் (வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும்) டிரில் செட்: மிஷின், 5.0 ஏஎச் பேட்டரி இரண்டு, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து 329 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டாவது, அதே பேட்டரி ஒன்று மட்டும், 140 வெள்ளி. பேட்டரி இரண்டைத் தனியாக வாங்கினாலே 280 ஆகிவிடுகிறது. அப்படியென்றால் மிஷினும் சார்ஜரும் பெட்டியும் வெறும் 49 வெள்ளியா?

இரண்டும் சரியான விலைதான் என்றேன். அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. சோறு ஆறிப்போகும் அளவுக்கு விளக்க வேண்டியதாகிவிட்டது. அன்று சொன்னதைத்தான், முதல்முறையாக கார்ட்லெஸ் மிஷின் வாங்கப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் கோவையாக எழுதுகிறேன். இதில் வரும் விலைகளெல்லாம் கணக்குப் புரிவதற்காக. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பேட்டரியின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தால் (திறக்காதீர்கள், நான் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை வேறு) உள்ளே உருளை உருளையாக லித்தியம் அயன் செல்கள் அடுக்கியிருக்கும். பெரும்பாலும் 18650 என்ற வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்களைத் தொடராகக் கோத்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், அதே ஐந்து செல்லை 20 வோல்ட் என்றும் 21 வோல்ட் என்றும் எழுதலாம். டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே அமைப்புத்தான். மூன்று செல் கோத்தால் 10.8 வோல்ட். அதைத்தான் கடைக்காரர்கள் 12 வோல்ட் என்கிறார்கள். ஆகவே, 20 வோல்ட் மிஷின் 18 வோல்ட்டைவிட இரண்டு வோல்ட் பலசாலி என்று விற்பனையாளர் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் என்ற அளவு. 2.0 ஏஎச் பேட்டரியில் வழக்கமாக ஒரு வரிசை, ஐந்து செல். 4.0, 5.0, 6.0 ஏஎச் என்றால் இரண்டு வரிசை, பத்து செல். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வரிசை இருந்தால் வேலை அதிக நேரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிஷின் இழுக்கும் மின்சாரத்தை இரண்டு வரிசையும் பங்கு போட்டுக்கொள்வதால், ஒவ்வொரு செல்லுக்கும் பாதிச் சுமைதான். சூடு குறையும், மிஷினுக்கு இழுவையும் கூடும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் 2.0 பேட்டரியை மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரிந்திருக்கும். இரும்பில் வைத்து அழுத்தியதும் திணறி நின்றுவிடும். 5.0 மாட்டினால் அதே கிரைண்டர் வேறு மிஷின் போல ஓடும்.

வோல்ட்டையும் ஏஎச்-ஐயும் பெருக்கினால் வருவது வாட்-மணி. உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதற்கு இதுதான் நேர்மையான அளவு. 18 வோல்ட்டில் 2.0 என்றால் 36 வாட்-மணி. 5.0 என்றால் 90. 6.0 என்றால் 108. பேரங்காடியில் பருப்பு வாங்கும்போது விலைச்சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதுபோல ஒரு வாட்-மணிக்கு எத்தனை காசு என்று பார்க்கப் பழகிவிட்டால் பேட்டரிக் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தத் தம்பியின் கைப்பேசியிலேயே போட்டுப் பார்த்தோம். தனிப் பேட்டரி 140 வெள்ளி, 90 வாட்-மணி. ஒரு வாட்-மணிக்கு 1 வெள்ளி 56 காசு.

இவ்வளவு விலை எதற்கு

எரிசக்தி ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க் என்இஎஃப் ஆண்டுதோறும் வெளியிடும் பேட்டரி விலைக் கணக்கெடுப்பில், 2024-ல் லித்தியம் அயன் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி ஒரு கிலோவாட்-மணிக்கு 115 அமெரிக்க டாலர். அந்தக் கணக்கில் 90 வாட்-மணிக்குப் பத்து அமெரிக்க டாலர் சொச்சம்தான் வருகிறது. அதைக் கேட்டதும் தம்பி கடைக்காரரைக் கொள்ளைக்காரர் ஆக்கிவிட்டான். அது முழு நியாயமில்லை. அந்தச் சராசரி பெரும்பாலும் மின்கார்களுக்கும் பெரிய மின்சேமிப்பு நிலையங்களுக்கும் மொத்தமாகச் செய்யப்படும் பேட்டரிகளின் விலை. மிஷின் பேட்டரிக்குச் சட்டென்று அதிக மின்சாரம் கொடுக்கும் செல் வேண்டும், சூட்டையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் சர்க்யூட் பலகை வேண்டும், ஏணியிலிருந்து விழுந்தாலும் உடையாத கூடு வேண்டும். அதோடு முகவர் பங்கு, கடை வாடகை, உத்தரவாதம். இதையெல்லாம் கூட்டினாலும் 140 வெள்ளியை நெருங்க இன்னும் தூரம் இருக்கிறது. மீதி எங்கே போகிறது?

பேட்டரி மிஷினில் மாட்டும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மிஷினுக்குள் சறுக்கிக்கொண்டு போகும் தண்டவாளம் போன்ற அமைப்பு ஒன்று இருக்கும். மக்கிட்டாவின் தண்டவாளம் மில்வாக்கி மிஷினில் ஏறாது, மில்வாக்கியுடையது டிவால்ட்டில் ஏறாது. பாஷ் நிறுவனத்துக்குள்ளேயே தொழில்முறைப் பயன்பாட்டுக்கான நீல 18 வோல்ட் மிஷினுக்கும் வீட்டு உபயோகத்துக்கான பச்சை 18 வோல்ட் மிஷினுக்கும் பேட்டரி வேறு வேறு. மீதி விலை அந்தத் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மிஷின் நான்கை வாங்கிவிட்ட ஒருவர், பேட்டரி செத்துப்போனால் வேறு எங்கே போவார்? நான்கு மிஷினையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு நிறுவனத்துக்குப் போவதைவிட 140 வெள்ளி கொடுப்பதுதான் அவருக்கு லாபம். இது நிறுவனத்துக்கும் தெரியும்.

வாசலில் நின்று எந்த நிறம், அதாவது எந்த நிறுவனம், வாங்கலாம் என்று யோசிக்கிறவரின் கதை வேறு. அவரை உள்ளே இழுக்க வேண்டும். அவருக்குத்தான் 329 வெள்ளிச் செட். பெண் பார்க்கப் போன அன்று கிடைத்த சொஜ்ஜி பஜ்ஜி அதற்குப் பிறகு தினமும் கிடைக்கிறதா என்ன? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வதை இந்தத் தொழிலில் வியாபாரத் திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். மிஷின் சுண்டைக்காய்.

உலகம் முழுக்க இது பழைய வழிதான் என்றாலும், தனிப் பேட்டரி விலைக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று சரக்குப் போக்குவரத்து. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிக்கு ஐநா ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 3480 என்ற எண். மிஷினோடு சேர்த்துக் கட்டினால் 3481. 2016 ஏப்ரலிலிருந்து 3480 வகைச் சரக்கைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற அனைத்துலகத் தடை இருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. செட்டாக வரும்போது அந்தப் பயணிகள் விமானத் தடை அப்படியே பொருந்தாது. இரண்டாவது காரணம், பேட்டரி ஏறக்குறைய காய்கறி மாதிரி. தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல வயதாகிக்கொண்டே போகும். வேகமாக விற்றுத் தீரும் செட்டை அடுக்குவது கடைக்காரருக்குச் சுலபம். எப்போதாவது ஒருவர் கேட்டு வரும் தனிப் பேட்டரியை வைத்துக் காத்திருப்பது செலவு.

கழித்துப் பார்ப்பது

செட் விலை நல்லதா என்று பார்க்க ஒரே வழி கழித்தல்தான். வெறும் மிஷின், அதாவது பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் உடம்பு மட்டும், என்ன விலை என்று தேடுங்கள். கடைகளில் 'பாடி ஒன்லி' அல்லது 'பேர் டூல்' என்பார்கள். மாடல் எண்ணின் வாலிலும் இது தெரியும். மக்கிட்டாவில் கடைசி எழுத்து 'இசட்' என்றால் வெறும் மிஷின். டிவால்ட்டில் 'என்'. மில்வாக்கியில் கோடு போட்டு பூஜ்யம். பாஷில் 'சோலோ' என்று எழுதியிருக்கும். இந்த வாலைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பெட்டியில் பேட்டரி எங்கே என்று தேடிய ஆட்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

சரி, நம் உதாரணத்துக்கு வருவோம். வெறும் மிஷின் 130 வெள்ளி, சார்ஜர் தனியாக 60 என்று வைத்துக்கொள்வோம். செட் 329. அதிலிருந்து 130-ஐயும் 60-ஐயும் கழித்தால் 139. இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து நீங்கள் கொடுப்பது அவ்வளவுதான், தனியாக ஒன்றின் விலைக்கு இரண்டு. வாட்-மணிக் கணக்கில் 139-ஐ 180-ஆல் வகுத்தால் 77 காசு. தனிப் பேட்டரியில் 1 வெள்ளி 56 காசு கொடுத்தோமே, அதில் பாதி.

பக்கத்திலேயே இன்னொரு செட் இருக்கும். அதே டிரில், 2.0 பேட்டரி இரண்டு, 259 வெள்ளி. எழுபது வெள்ளி மலிவு என்று கை தானாக அதற்குப் போகும். இதையும் கழித்துப் பாருங்கள். பேட்டரிக்கு விழுவது 69 வெள்ளி, சரக்கு 72 வாட்-மணி, ஆக 96 காசு. கூடுதலாக 70 வெள்ளி கொடுத்தால் கூடுதலாக 108 வாட்-மணி கிடைக்கிறது, ஒன்றுக்கு 65 காசு. பிறகு ஒருநாள் கிரைண்டரோ ரம்பமோ வாங்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பெரிய பேட்டரிக்கு அன்று தனிவிலை கொடுப்பதைவிட இன்றே செட்டில் எடுத்துவிடுவது மேல். திரைச்சீலைக் கம்பி மாட்டுவதும் அலமாரி கோப்பதும் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் 2.0 போதும். எடையும் பாதிதான். தலைக்கு மேல் கையைத் தூக்கி அரை மணி நேரம் திருகாணி போட்டவர்களுக்கு முந்நூறு கிராம் வித்தியாசம் என்றால் என்னவென்று தெரியும்.

இந்தக் கழித்தலில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிரில்லுக்கு 130 வெள்ளி என்று கழிப்பது, உங்களுக்கு டிரில் தேவைப்பட்டால்தான் சரி. ஏற்கெனவே டிரில் இருக்கிறது, பேட்டரிதான் வேண்டும் என்றால் அந்த இரண்டாவது டிரில்லின் மதிப்பு, அதை நீங்கள் விற்கக்கூடிய விலை மட்டுமே. சிங்கப்பூரில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 11.11, 12.12 தள்ளுபடி நாள்களில் ஷோப்பி, லஸாடா இணையக் கடைகளில் செட்டாக வாங்கி, மிஷினைப் பிரித்து, ஆளுக்கு ஆள் விற்கும் கரோசெல் தளத்தில் 'புத்தம் புதிது, செட்டிலிருந்து எடுத்தது' என்று போட்டுவிட்டுப் பேட்டரியை வைத்துக்கொள்வார்கள். 329-க்கு வாங்கிய செட்டின் மிஷின் 70 வெள்ளிக்குப் போனால், இரண்டு பேட்டரியும் சார்ஜரும் 259-க்கு வந்ததாக அர்த்தம். தனியாக இரண்டு பேட்டரி வாங்கினால் 280. மிச்சம் 21 வெள்ளி. அதற்காகப் பத்துப் பேரிடம் 'இன்னும் இருக்கா, கடைசி விலை என்ன' என்ற பேச்சுக்குப் பதில் சொல்லி, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் காத்து நிற்க வேண்டும். சார்ஜரையும் 35-க்கு விற்றால் மிச்சம் 56 ஆகும், அது பரவாயில்லை. நான் ஒரே ஒரு முறை செய்தேன். வாங்க வந்தவர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்து ஐந்து வெள்ளி குறைக்கச் சொன்னார். அதோடு விட்டுவிட்டேன்.

மறுபக்கம், நீங்கள் வாங்குகிறவர் என்றால் இந்தப் பிரிப்பவர்களால் உங்களுக்கு நல்ல லாபம். பேட்டரி கையில் இருப்பவருக்கு வெறும் மிஷின் வாங்க இதைவிட மலிவான வழி கிடையாது. ரசீதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் உத்தரவாதம் காற்றோடு போகும்.

இலவசம்

'இரண்டு பேட்டரி சார்ஜர் செட் வாங்கினால் மிஷின் ஒன்று இலவசம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். என் பார்வையில் சலுகைகளிலேயே நல்லது இதுதான், ஒரே நிபந்தனையோடு: கொடுக்கும் மிஷின்களின் பட்டியலில் நீங்கள் எப்படியும் வாங்கவிருந்த ஒன்று இருக்க வேண்டும். இருந்தால், அதன் வெறும் மிஷின் விலையைக் கழித்துவிட்டு வாட்-மணிக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் நன்றாகவே வரும். பட்டியலில் ஊதுகருவியும் ரேடியோவும் மட்டும் இருந்தால் அதன் மதிப்பைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

'மிஷின் வாங்கினால் பேட்டரி இலவசம்' என்பதில் ஏஎச் எவ்வளவு என்று பாருங்கள். அநேகமாக 1.5 அல்லது 2.0 ஆகத்தான் இருக்கும். பை, டிரில் பிட் நூறு, கையுறை, டார்ச் என்று அடுக்கி 'மதிப்பு 200 வெள்ளி' என்று எழுதும் சலுகைகளைப் பற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நூறு பிட்டில் கான்கிரீட்டில் இறங்குவது ஐந்து தேறினால் அதிகம்.

இங்கே வாங்கும்போது

ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் நேரில் கேட்டு வாங்குவதில் ஒரு வசதி, பேரம் பேசலாம். வெறும் மிஷின் இரண்டும் பேட்டரி இரண்டும் தனித்தனியாக எடுத்து 'செட் விலை போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டால் பல கடைகளில் போட்டுக் கொடுப்பார்கள். அப்போது 'லோக்கல் செட்'டா 'எக்ஸ்போர்ட் செட்'டா என்று கேட்க மறக்காதீர்கள். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்ததை இறக்கி விற்பது இங்கே சட்டப்படி குற்றமில்லை, விலையும் குறைவாக இருக்கும். ஆனால் உள்ளூர் முகவர் பழுது பார்த்துத் தரமாட்டார். அதிலும் பேட்டரிக்கு உத்தரவாதக் காலம் மிஷினைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். மிஷினுக்கு ஒரு வருடம் என்று சொல்லும்போது பேட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனியாகக் கேளுங்கள்.

உத்தரவாதம் எப்படி இருந்தாலும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் கைகொடுக்கும். பயனீட்டாளராக நீங்கள் வாங்கிய பொருளில் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. வழக்கமான தேய்மானம் இதில் வராது. மூன்றாம் மாதத்திலேயே சார்ஜ் ஏறாமல் போன பேட்டரி வரும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். பொருள், சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள் தப்பித்துவிடும் என்ற பழைய நினைப்பு 2023 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. பெரிய இணையத்தளங்கள் பணம் கட்டும்போதே வரியைப் பிடித்துக்கொள்கின்றன.

வரியைவிடப் பெரிய ஆபத்து சார்ஜர். என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே பாதி விலைக்குக் கிடைத்தது என்று பெரிய செட் ஒன்றைத் தூக்கி வந்தார். அமெரிக்கச் சார்ஜர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே சுவரில் வருவது 230. மூன்று முனை மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். அது வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. ஒரு சத்தம், கொஞ்சம் புகை, சமையலறை முழுக்க மீன் கருகிய வாசனை. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளூரில் சார்ஜர் வாங்கியதில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி போனது, அண்ணி பேசிய பேச்சு தனி.

தராசு

தனிப் பேட்டரி விலை இப்படி ஏறி நிற்பதால்தான் போலிகளுக்கும், 'பொருந்தும்' என்று சொல்லி விற்கும் வேறு நிறுவனப் பேட்டரிகளுக்கும் இவ்வளவு பெரிய சந்தை. '128விஎஃப்', '388விஎஃப்' என்று பெட்டியில் எழுதிய மிஷின்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது வோல்ட் என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது. உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசை. பேட்டரியில் '9.0 ஏஎச்' என்று எழுதி நாற்பது வெள்ளிக்கு விற்பார்கள். 18650 செல் ஒன்றின் உச்சக் கொள்ளளவே சுமார் 3.5 ஏஎச். பத்துச் செல் கூட்டில் இரண்டு வரிசைக்கு 7-க்கு மேல் எப்படியும் போகாது. உண்மையான 9.0 பேட்டரி இருக்கிறது. ஆனால் அது பதினைந்து செல்லோடு செங்கல் மாதிரி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசு போதும். 18650 செல் ஒன்று 45 முதல் 50 கிராம். பத்துச் செல் என்றால் செல்லே அரைக் கிலோவை நெருங்கிவிடும். கூடும் பலகையும் சேர்த்து 600 கிராமைத் தாண்ட வேண்டும். '6.0 ஏஎச்' என்று எழுதிய பேட்டரி 400 கிராம்கூட இல்லையென்றால் உள்ளே ஐந்து செல்தான் இருக்கிறது, எழுத்துத்தான் ஆறு. (தட்டை செல்லும் பருத்த 21700 செல்லும் வைத்த புதிய வகைகளுக்கு எடைக் கணக்கு மாறும்.)

விலை குறைந்த பேட்டரியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், வேலைத்தளத்தில் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், கதவோரம் காலணி அடுக்குக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பொருள் அது இல்லை. செல்களைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் பலகையில்தான் போலிக்காரர் முதலில் காசு மிச்சம் பிடிப்பார்.

வாங்கி அடுக்காதீர்கள்

வாட்-மணிக்கு 70 காசு என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஆறு பேட்டரி வாங்கி வைப்பவர்கள் உண்டு. லித்தியம் செல்லுக்கு எதிரி சூடு. அடுத்த எதிரி முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் சும்மா கிடப்பது. இந்த ஊரில் வெயிலில் நிறுத்திய லாரியின் பின்பக்கத்தில் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துவிடலாம். பாதிச் சார்ஜில், வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் நன்றாக இருக்கும் என்றாலும், மூன்று வருடம் கழித்துத் தேவைப்படுமென்று இன்றே வாங்கும் பேட்டரி மூன்று வருடம் வயதான பேட்டரிதான். ஒருவர் கையில் ஒரே நேரத்தில் ஓடுவது ஒரு மிஷின். ஒன்று மிஷினில், ஒன்று சார்ஜரில் என்று இரண்டு பேட்டரி பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். வருடத்துக்குப் பத்து ஓட்டை போடும் வீட்டுக்குக் கார்ட்லெஸ் மிஷினே தேவையில்லை. வயர் வைத்த ஹேமர் டிரில் ஒன்று வாங்கி அலமாரியில் போட்டுவைத்தால், பத்து வருடம் கழித்து எடுத்தாலும் ஓடும். வீவக கான்கிரீட் சுவரில் சிறிய கார்ட்லெஸ் டிரில்லைவிட நன்றாகவே இறங்கும். அதற்கு மேல் அலமாரி கோக்க, திருகாணி முடுக்க என்றால் 12 வோல்ட் சிறிய செட் ஒன்று. 18 வோல்ட் குடும்பத்துக்குள் காலை வைப்பது தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் என்னைப் போல மிஷின் பைத்தியம் பிடித்தவர்களுக்கும்தான்.

தொழிலாகச் செய்கிறவர் எந்த நிறம் எடுப்பது? எது நல்ல மிஷின் என்று யூடியூபில் தேடுவதற்கு முன் உங்களோடு வேலை செய்கிறவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பதினெட்டாம் மாடியில் பேட்டரி தீர்ந்துபோனால் "மச்சான், ஒண்ணு குடு" என்று கை நீட்ட ஆள் இருக்க வேண்டும். அடுத்த மூன்று வருடத்தில் வாங்கக்கூடிய மிஷின்களை ஒரு தாளில் எழுதி, அவை எல்லாம் அந்தக் குடும்பத்தில் இருக்கின்றனவா, வெறும் மிஷினாக என்ன விலை என்று பார்த்துவிட்டு முதல் செட்டை வாங்குங்கள். முதல் மிஷினில்தான் உங்களுக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. ஐந்தாவது மிஷின் வாங்கும்போது அது இருக்காது.

தம்பி அந்த 329 வெள்ளிச் செட்டைத்தான் எடுத்தான். அடுத்த வருடத்தில் இம்பாக்ட் டிரைவரும் கிரைண்டரும் வெறும் மிஷினாக வாங்கினான். ஒரு தள்ளுபடியில் மனசு கேட்காமல் 6.0 பேட்டரி ஒன்றும் வாங்கினான். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் அது இடித்தது. தனிப் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கையில் கொண்டுபோகும் பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 5.0 இரண்டும் 90, பிரச்சினை இல்லை. முனைகளில் டேப் ஒட்டி எடுத்து வைத்துக்கொண்டான். சார்ஜரும் கவலையில்லை, ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். 6.0 பேட்டரி 108. விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கப் பொறுமையில்லாமல், கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் என் வீட்டுக்கு வந்து ஐம்பது வெள்ளிக்கு என்னிடமே நீட்டினான்.

வாங்கியதும் சமையலறைத் தராசில் வைத்தேன்.

"என்னையே சந்தேகப்படுறீங்களாண்ணே?"

660 கிராம் காட்டியது. காசை எடுத்துக் கொடுத்தேன்.